ஏறுகிற வண்டிக்கு வழி

கொல்லிமலையின் இருபத்தேழாவது கொண்டை ஊசி வளைவில் செங்கமலத்தின் ஆட்டோமேட்டிக் காரில் சிவப்பு விளக்கு எரிந்தது. கியர்பாக்ஸ் கொதிக்கிறது என்று அர்த்தம். போன வாரமும் இதே கூத்துதான். அன்றைக்குக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

"இன்னைக்கும் நடுவழியில நின்னா காரை வித்துருவேன்" என்று காலையில் சொல்லியிருந்தார் கணவர் அர்த்தநாரி. முப்பது வருஷத்தில் அவர் பேச்சுக்கு அவள் மறுபேச்சு பேசியதில்லை. கார் போனால் மலைமேல் அவள் நடத்தும் தையல் வகுப்பும் போச்சு. பின்னால் இருக்கும் நான்கு தையல் மிஷின்களை எந்த பஸ்காரர் ஏற்றுவார்?

இன்றைக்குத் துணைக்குப் பக்கத்தில் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் இருதயராஜ். அவளைவிட இருபது வயது சின்னவன். ஆனாலும் மாஸ்டர் மாஸ்டர்தானே.

காரை ஓரங்கட்டியதும் அவள் சாவியைத் திருகப் போனாள்.

"அணைக்காதீங்க டீச்சர். கியரை பார்க்கிங் 'பி'யில போட்டுட்டு இன்ஜினைச் சும்மா ஓட விடுங்க. ஆயில் சுத்திச் சுத்தி அதுவே ஆறிக்கும்."

சொல்லிவிட்டு நிதானமாக நிலக்கடலை உரிக்கத் தொடங்கினான். இவளோ சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் என்ன தப்பு பண்ணினேன், மாஸ்டர்?"

"மேலேருந்து வந்த வண்டிக்கெல்லாம் என்ன பண்ணினீங்க?"

"நின்னு வழி விட்டேன்."

"ஏத்தத்துல நின்னப்போ கால் எதுல இருந்துச்சு?"

"ஆக்ஸிலேட்டர்ல. பின்னாடி உருண்டுடக் கூடாதேன்னு லேசா மிதிச்சுக்கிட்டே இருந்தேன்."

"இத்தனை பாரத்தோட அப்படி நிறுத்திப் பிடிச்சா கொதிக்காம என்ன செய்யும்?"

"ஒரு மரியாதைக்கு நின்னது தப்பா?"

"மலையில ஏறுற வண்டிக்குத்தான் வழி. இறங்குறவங்க எல்லாருக்கும் இது தெரியும். உங்களுக்குத்தான் தெரியல."

கால் மணி நேரத்தில் விளக்கு அணைந்தது. மாஸ்டர் கியரை ஏற்றத்துக்கான 'எல்'லில் போடச் சொன்னான்.

"மெதுவா, ஆனா நிக்காம. வளைவுக்கு முன்னாடி ஹாரன்."

அடுத்த வளைவிலேயே ஒரு பால் லாரி, மலை மாதிரி இறங்கி வந்தது. அவள் கால் பிரேக்கைத் தேடியது. மாஸ்டரைப் பார்த்தாள். அவன் கடலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு ஹாரனை அழுத்தினாள்.

லாரி நின்றது. ஓரமாக ஒதுங்கியது. டிரைவர் ஜன்னல் வழியே கையை நீட்டி, வாங்க வாங்க என்று அசைத்தார்.

அப்புறம் கேட்பானேன். ஜீப்பு ஒதுங்கியது, பஸ் ஒதுங்கியது. ஐம்பது, அறுபது என்று வளைவுகளை வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஏறினாள். எழுபதாவது வளைவு தாண்டியபோது அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தாள். சிவப்பு விளக்கு எரியவே இல்லை.

வகுப்பு வாசலில் பெண்கள் ஓடிவந்து மிஷின்களை இறக்கினார்கள். செங்கமலம் கணவருக்குப் போன் போட்டாள்.

"மேல வந்து சேர்ந்துட்டேங்க. காரை விக்கறதா இல்ல. அடுத்த வாரமும் வருவேன்."

 "சரி, பாத்து வா" என்றார் அர்த்தநாரி.

போனை வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லல, மாஸ்டர். சரின்னுட்டார். முப்பது வருஷத்துல இப்படி நடந்ததே இல்ல."

மாஸ்டர் கையில் ஒட்டியிருந்த கடலைத் தோலை ஊதினான்.

"முப்பது வருஷத்துல ஒரு தடவையாவது ஹாரன் அடிச்சிருக்கீங்களா, டீச்சர்?"