ஆமெனுக்குக் காத்திருந்த இயந்திரம்

இந்தக் கதையை அவசரமில்லாமல் படிக்க வேண்டும். முடிவில் ஒரு கேள்வி இருக்கிறது. பதிலுக்கு வேண்டியதெல்லாம் கதைக்குள்ளேயே இருக்கிறது.

நகரம் வளர்ந்து வளர்ந்து ஓடைக்கரைக்கே வந்துவிட்டது. புதிதாக வரப்போகும் அகலச் சாலைக்குக் கரையோர வீடுகள் இடைஞ்சல் என்று முடிவானது. அங்கே வாழ்ந்தவர்களுக்கு ஊருக்கு வெளியே, பஸ் மாறி பஸ் ஏறிப் போகும் தொலைவில், அடுக்குமாடியில் இடம் தருவதாகச் சொன்னார்கள். கரையில் குடியிருந்த எப்சிபா அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவாள். பக்கத்துத் தெருக்களில் வீட்டுவேலை செய்து பிழைப்பவள் அவள். இங்கிருந்து போனால் வேலையும் போய்விடும். அவளுடைய வீடு முதல் வரிசையில் முதலாவது.

கரையோர மக்களுக்காக ஒரு வக்கீல் நீதிமன்றத்தில் தடை கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமை உத்தரவு கிடைத்துவிடும், கிடைத்ததும் போன் செய்கிறேன் என்று எப்சிபாவிடம் சொல்லியிருந்தார். அதே வெள்ளிக்கிழமை காலையில், இடிக்கும் இயந்திரம் வந்து கரையில் நின்றது.

அங்கிருந்த தகரக் கூரை ஆலயத்தில் வெள்ளிதோறும் பெண்கள் உபவாச ஜெபத்துக்குக் கூடுவார்கள். மதியம் ஆயர் வந்து ஆசீர்வாதம் கூறி, எல்லோரும் ஆமென் சொன்ன பிறகுதான் தண்ணீரும் கஞ்சியும். அதற்கு முன் ஒருத்தி வாய் நனைத்தாலும் அத்தனை பேரின் ஜெபமும் வீணாகிவிடும் என்று அவர்கள் நம்பினார்கள். ஆயர் அப்படிப் போதித்ததில்லை. யாரோ எப்போதோ சொன்னது, அப்படியே நிலைத்துவிட்டது.

ஜெபத்தை நடத்துபவள் எப்சிபா. இடிக்க வந்த அதிகாரி ஆலய வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு அவளைக் கூப்பிட்டார். மரியாதையான மனிதர். அவளும் எதையும் மறைக்கவில்லை. தடை உத்தரவுக்காகத்தான் ஜெபிக்கிறோம், அது வரும்வரை ஜெபிக்கப்போகிறோம் என்று சொல்லிவிட்டாள்.

"மாலைக்குள்ள வேலையைத் தொடங்கிடணும்னுதாம்மா எனக்கு உத்தரவு," என்றார் அவர். "ஆனா, சாமி காரியத்துக்குக் குறுக்க நிக்க மாட்டேன். உங்க ஆயர் ஆசீர்வாதம் சொல்ற வரைக்கும் வண்டி ஓடாது. சொன்னதும் எல்லாரும் வெளியே வந்துடணும்."

எப்சிபா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு, சம்மதித்துவிட்டு உள்ளே வந்தாள்.

ஜெபம் நீண்டது. மின்சாரத்தை முன்பே துண்டித்திருந்ததால் விசிறி சுற்றவில்லை. தகரக் கூரை அனலாய்க் கொதித்தது. ஒவ்வொருத்தியாக எழுந்து ஜெபித்தார்கள். எப்சிபாவின் நாத்தனார் கிருபாவதி மட்டும் இடையிடையே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி சட்டென்று ஜெபத்தை முடித்து உட்கார்ந்தபோது, "எப்பவும் நீட்டி முழக்குறவ, இன்னைக்குன்னு பார்த்துச் சுருக்கிட்டியேடி," என்றாள். அவ்வளவு பயத்திலும் சிலர் சிரித்தார்கள்.

மதியம் ஆயர் வந்தார். எப்சிபா விஷயத்தைச் சொன்னாள். போன் வரும்வரை ஆசீர்வாதத்தைத் தள்ளிப்போட அவரும் ஒத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு பாட்டு முடிய அடுத்த பாட்டு. எப்சிபாவின் மடியில் கிடந்த போன் ஒலிக்கவேயில்லை. வெளியே இயந்திரமும் சத்தமின்றி நின்றது. அதன் ஓட்டுநர் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த அமைதிதான் எப்சிபாவை அதிகம் பயமுறுத்தியது.

பாட்டின் நடுவே கிருபாவதியின் குரல் குழறியது. அவள் சர்க்கரை நோயாளி. காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு வந்திருக்கிறாள். உடம்பெல்லாம் வியர்த்து, கைகள் வெடவெடத்தன. சர்க்கரை கரைத்த தண்ணீரை யாரோ கொண்டுவந்து நீட்ட, அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். குடியுங்கள், ஜெபம் கெடாது, தேவனுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று ஆயர் மன்றாடினார்.

"என்னால இத்தனை பேர் வீடு போகணுமா ஐயா? ஆமென் சொல்லாம ஒரு சொட்டு இறங்காது," என்றாள். பேசும்போதே தலை சாய்ந்தது.

ஆயர் எழுந்து, ஆசீர்வாதம் கூறக் கைகளை உயர்த்தினார். எப்சிபா அவருடைய அங்கியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, இன்னும் ஒரே ஒரு பாட்டு. அதுக்குள்ள போன் வந்துடும்."

"பாட்டு முடியறப்ப இந்தம்மா இருக்கணுமே எப்சிபா."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். அதிகாரி அங்கே நின்று எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார். ஓட்டுநர் தன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவளுடைய விரல்கள் அங்கியை விடவில்லை. ஆயரே அவற்றை மெதுவாகப் பிரித்துவிட்டார்.

அவர் ஆசீர்வாதம் கூறினார். எல்லோரும் ஆமென் என்றார்கள். எப்சிபாவின் வாய் மட்டும் திறக்கவில்லை. கிருபாவதி தண்ணீரை மடமடவென்று குடித்தாள். வெளியே இயந்திரம் உறுமியது. கொடுத்த வாக்குப்படி பெண்கள் வரிசையாக வெளியே வந்தார்கள்.

பிறர் வீட்டுக்காகத் தன் தாகத்தை அடக்கியவள் கிருபாவதி. ஓர் உயிருக்காக ஜெபத்தை முடித்தவர் ஆயர். வீட்டுக்காக அவரைத் தடுத்தவள் எப்சிபா. சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர் அதிகாரி. இதில் யார் செய்தது சரி? தவறு யாருடையது?

விடை: ஆயர் செய்தது சரி. வீட்டை மறுபடி கட்டலாம், உயிரைக் கட்ட முடியாது. கிருபாவதியின் நம்பிக்கை பிழையானது, ஆனால் அதற்காக அவள் வருத்தியது தன்னை மட்டுமே. எப்சிபா கேட்டிருக்கக் கூடாததைக் கேட்டாள். அவளைக் கேட்க வைத்தது பயம். இந்த மூவரிடமும் இல்லாத ஒன்று அதிகாரியிடம் இருந்தது: நேரம். மாலைவரை பொறுக்க அவருக்கு உத்தரவே இடம் கொடுத்தது. ஒரு பெண் துவண்டு விழுவதை ஜன்னல் வழியே கண்ட பிறகும், ஆமென் சொல்லித் தண்ணீர் கொடுங்கள், அதன் பிறகும் நான் மாலைவரை காத்திருக்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லைக் காப்பாற்றினார், நீதியைக் காப்பாற்றவில்லை. தவறு அவருடையது. வெயில் தாழுமுன் வக்கீலின் போன் வந்தது, தடை கிடைத்துவிட்டது என்று. அந்தப் போனை எப்சிபா கையில் வைத்துக் கேட்டுக்கொண்டு நின்ற இடம், அன்று மதியம்வரை அவளுடைய அடுப்படி.