மந்தியைப் பார்க்கப் போன மைனா

மழை ஓயாத ஒரு மலைக்காடு இருந்தது, குழந்தைகளே. அங்கே மேகங்கள் கீழே இறங்கி வந்து மரங்களுக்கிடையே உறங்கும்.

அந்தக் காட்டில் வாழ்ந்த சோலைமந்தி ஒருநாள் கிளை முறிந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டது. மனிதர்கள் அதை நகரத்து மிருகக்காட்சிசாலைக்குத் தூக்கிப்போய் வைத்தியம் பார்த்தார்கள். எலும்பு கூடியது. ஆனால் அதனால் மரம் ஏற முடியவில்லை. அங்கேயே தங்கிவிட்டது.

நகரத்துக் குளங்களுக்குப் போய்வரும் நாரை ஒரு மாலை அதைப் பற்றிய செய்தி கொண்டுவந்தது. மந்தி எதையும் தின்பதில்லையாம். இப்படியே போனால் பிழைக்காது என்று அங்குள்ளவர்கள் வருந்துகிறார்களாம்.

போய்ப் பார்க்க வேண்டும் என்று காட்டு விலங்குகள் எல்லாரும் கூடிப் பேசினார்கள். பெரிய தேனடையாகக் கொண்டுபோகலாம் என்றது கரடி. சொல்லும்போதே அதன் வாயில் நீர் ஊறியது. தான் போய்த் தோகை விரித்து ஆடினால் மந்தியின் கவலை பறந்துவிடும் என்றது மயில். தேனா, ஆட்டமா என்று வாதம் வளர்ந்தது. பனி இறங்கி இருவரையும் மூடியது. உள்ளிருந்து பேச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

மலை மைனா நாரையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

"நாரையக்கா, மந்தி அங்கே பகலெல்லாம் என்ன செய்கிறது?"

"முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கண்ணை மூடி எதையோ கேட்கப் பார்க்கிறது."

"அங்கே என்ன கேட்கும்?"

"வண்டிச் சத்தம்தான்."

மறுநாள் மைனா ஓடைக்கரையில் போய் உட்கார்ந்து நெடுநேரம் காது கொடுத்துக் கேட்டது. பிறகு மந்தியின் தாய் இருக்கும் பலாமரத்துக்குப் போனது. அதன்பின் நாரையோடு நகரத்துக்குப் பறந்தது.

கம்பி வலைமேல் அமர்ந்து, மைனா ஓடையைப் போல் சலசலத்தது. மந்தியின் காது திரும்பியது. இலையிலிருந்து மழை சொட்டுவதுபோல் மைனா சொட்டியது. கனவுதான் என்று நினைத்து மந்தி கண்ணை இன்னும் இறுக மூடிக்கொண்டது. அப்போது மைனா, தாய்மந்தி பிள்ளைகளை அழைக்கும் குரலில் மெல்லக் கூவியது.

மந்தி கண் திறந்தது.

"அம்மா எப்படி இருக்கிறாள்?"

"நன்றாக இருக்கிறாள். நீ சாப்பிட்டாயா என்று கேட்டுவரச் சொன்னாள்."

மந்தி கையை நீட்டி, தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்தது.

நீதி: ஒருவரைப் பார்க்கப் போகுமுன், அவர் மனம் எதற்கு ஏங்குகிறது என்று அறிந்துகொள்ள வேண்டும்.