பாதிப் பாட்டில் நின்ற கொண்டைக்குருவி

மருதங்குளத்துக் காட்டில் விலங்குகளும் பறவைகளும் ஞாயிறுதோறும் ஆலமரத்தடியில் ஆராதனைக்குக் கூடும். அங்கே பாட்டு நடத்துவது சலோமி என்ற கொண்டைக்குருவி. குரல் என்னவோ தேன்தான். கோபம் மட்டும் மூக்குக்கு மேல்!

சலோமியிடம் ஒரு சட்டம் இருந்தது. தொடங்கிய பாட்டை நடுவில் நிறுத்தவே கூடாது. போன கிறிஸ்துமஸில் யோபு என்ற தவளை பாதிப் பாட்டில் கையைத் தூக்கி, "அக்கா, சுருதி ஏறிப்போச்சு! யாருக்கும் எட்டலை!" என்று சொல்லிவிட்டது. அவ்வளவுதான், பாடகர் குழுவிலிருந்து யோபுவின் பெயரையே அடித்துவிட்டது சலோமி.

அன்று அறுப்பின் பண்டிகை. காட்டிலுள்ள எல்லாச் சபைகளுக்கும் தலைவரான இருவாச்சி ஐயா வந்திருந்தார். பெரிய அலகு, அதைவிடப் பெரிய பதவி.

"இன்னைக்குப் பாட்டு சொதப்பினா, அடுத்த வாரத்திலேர்ந்து அக்கரைச் சபையிலே பாடுற காக்கைகளே இங்கேயும் பாட்டு நடத்தட்டும்!" என்று வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டார்.

பாட்டும் போய்விட்டால் சலோமிக்கு வேறென்ன இருக்கிறது?

சுருதி கொடுப்பது சில்வண்டு எப்பிராயீமின் வேலை. ஆலமர வேர்ப் பொந்துக்குள் உட்கார்ந்து ஒரே சீராக 'ரீ...' என்று இழுக்கும். அதைப் பிடித்துக்கொண்டுதான் சலோமி எந்தப் பாட்டையும் எடுக்கும்.

பாட்டு நேரம் வந்ததும் சலோமி சுருதி கேட்டுத் தலையை ஆட்டியது. சத்தமே இல்லை! மறுபடியும் ஆட்டியது. ஊஹூம்!

எட்டிப் பார்த்தால், பகீரென்றது. இருவாச்சி ஐயாவுக்கு ஆசனம் போட்டிருந்ததே அந்தப் பொந்தின் வாசலில்தான்! பூச்சி பொறுக்கும் அலகுக்கு ஒரு சாண் தள்ளி எப்பிராயீம் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"பாடுடா!" என்று கிசுகிசுத்தது சலோமி.

"பாடினா நான் எங்க இருக்கேன்னு அவருக்குத் தெரிஞ்சுடுமே அக்கா!"

சபை எழுந்து நின்றுவிட்டது. ஐயா அலகைத் திருப்பிப் பார்த்தார். பதற்றத்தில் சலோமி வாய்க்கு வந்த சுருதியில் பாட்டை எடுத்துவிட்டது.

பல்லவி எப்படியோ ஓடியது. அனுபல்லவியில் மானுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. மந்தி கீச்சிட்டது. அணில்கள் வாயை மட்டும் அசைத்தன. எருமை வழக்கம்போலப் பாடவே இல்லை, ஆமென் சொல்லக் காத்துக்கொண்டிருந்தது.

சலோமிக்கு அப்போதுதான் உறைத்தது. ஐயோ, எவ்வளவு உயரத்தில் எடுத்துத் தொலைத்தோம்! இன்னும் சரணம் பாக்கி. சரணம் இதைவிட மேலே போகுமே! தன் தொண்டைக்கே எட்டாதே!

கண்கள் பின்வரிசைக்குப் போயின. அங்கே யோபு வாயை இறுக மூடிக்கொண்டு பரிதாபமாகப் பார்த்தது. அது சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சலோமிக்கு. அப்படியானால் அன்றைக்கும் இப்படித்தான் எட்டாமல் தவித்தார்களா? யோபு சொன்னது உண்மைதானா?

சலோமி பாட்டை நிறுத்தியது. சபை திகைத்துப்போனது. சலோமியா நிறுத்தியது!

"தப்பு என்னுதுதான்! ரொம்ப மேலே எடுத்துட்டேன். மன்னிச்சுக்கோங்க, முதல்லேர்ந்து பாடலாம்" என்றது. பிறகு பின்வரிசைப் பக்கம் திரும்பியது. "யோபு, நீ சுருதி கொடுக்கிறியா?"

"நானா? என் பேரைத்தான் அடிச்சிட்டீங்களே அக்கா!"

"அதுவும் என் தப்புதான். வா தம்பி."

யோபு தத்தித் தத்தி முன்னே வந்தது. தொண்டையை உப்பி, கீழே, நன்றாகக் கீழே ஒரு சுருதியைப் பிடித்தது. சலோமி அதிலிருந்து பாட்டை எடுத்தது. மான் பாடியது. மந்தி பாடியது. அணில்களுக்குக் குரல் வந்தது. இத்தனை வருஷமும் ஆமென் மட்டுமே சொல்லிவந்த எருமைகூடப் பாடியது! சரணம் வந்தது, போனது. ஒருவர் குரலும் நடுவில் நிற்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் சலோமி ஐயா முன்னால் போய்த் தலைகுனிந்து நின்றது.

"பாட்டு பாதியிலே நின்னுபோச்சு ஐயா. காக்கைகளையே வரச் சொல்லுங்க."

"போன வாரம் அக்கரையிலே இருந்தேன்" என்றார் ஐயா. "காக்கைகள் எங்கேயும் நிற்காம பாடி முடிச்சாங்க. ஆனா, முடிக்கும்போது அவங்க மட்டும்தான் பாடிக்கிட்டிருந்தாங்க. இங்கே எருமையே பாடுதே! நீயே நடத்தும்மா."

எழுந்தவர், பொந்துப் பக்கம் குனிந்தார். "உள்ளே இருக்கிற தம்பி! பண்டிகை நாள்ல நான் பழம் மட்டும்தான் சாப்பிடுவேன்!"

ஐயா பறந்து மறைந்த பிறகுதான் பொந்துக்குள்ளிருந்து 'ரீ...' என்று சத்தம் வந்தது.

முன்னே நின்று நடத்துகிறவர் தன் தப்பை ஒப்புக்கொண்டு மறுபடி தொடங்கினால்தான், பின்னே நிற்பவர்கள் கடைசிவரை கூட வருவார்கள்.