அம்மா நினைவாக ஒரு மகிழங்கன்று

சின்னுசாமி முதலாளியின் சாயப்பட்டறையில் துளசிமணி தோட்டக்காரி. கழிவுநீரைச் சுத்திகரித்துச் செடிகளுக்கு விடவேண்டும் என்பது அரசு போட்ட நிபந்தனை. சுத்திகரிப்பு எந்திரம் சரியாக ஓடாததால் அந்தத் தண்ணீர் பட்டால் செடிகள் கருகின. அதனால் முதலாளி அதை ஆற்றில் விட்டார். தோட்டத்துக்கு லாரித் தண்ணீர் வந்தது.

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி சோதனைக்கு வந்த அன்று முதலாளி அவளை மிரட்டினார்.

"எல்லாம் சுத்திகரிச்ச தண்ணியில வளர்ந்ததுன்னு சொல்லோணும். இல்லாட்டி உனக்கு இங்க வேலை இல்ல."

செடிகளுக்கு எந்தத் தண்ணீர் விடுகிறீர்கள் என்று அதிகாரி கேட்டதும் துளசிமணி சுத்திகரித்த கழிவுநீர்த் தொட்டியிலிருந்து ஒரு குடம் மொண்டு வந்தாள்.

"முதலாளி சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும். இது அவங்கம்மா நினைவா வச்ச மகிழங்கன்னுங்க. அவங்க கையாலயே ஊத்தட்டுங்க."

முதலாளி குடத்தை வாங்கினார். கன்றின் தளிரைப் பார்த்தார். குடத்தைச் சாய்க்கக் கை வரவில்லை. மெல்லக் கீழே வைத்துவிட்டார். அதிகாரி அந்தக் குடத்திலிருந்தே சோதனைக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு, சுத்திகரிப்பு சரியாகும்வரை பட்டறையை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துப் போனார்.

"இத்தனை செடி இருக்க, இதை ஏன் காட்டினே?" என்று முதலாளி கேட்டார்.

"மத்த செடின்னா ஊத்தியிருப்பீங்களேங்க."

அவர் அவளைக் கோபிக்கவில்லை. சுத்திகரிப்பு எந்திரத்தைச் சரிசெய்ய அன்றைக்கே ஆள் அனுப்பினார்.