ஊசியும் தயிர்சோறும்

அதிகாரம் கையில் இருந்தால் தயிர்சோறுகூட வெடிகுண்டாகத்தான் தெரியும். வீட்டு வேலைக்குக் குவைத் கிளம்பிய செல்வராணிக்கு மகள் பிசைந்து கட்டிக்கொடுத்த சோற்றை, விமான நிலையச் சோதனை அதிகாரி “கொழகொழன்னு இருக்கு” என்று குப்பைத் தொட்டியில் போட்டார். அடுத்து அவளுடைய இன்சுலின் குப்பியைத் தூக்கிப் பிடித்தார்.

“இது மருந்துதான்னு எப்படி நம்புறது? குடிச்சுக் காட்டு.”

“ஊசி மருந்து சார். சர்க்கரைக்கு.”

“அப்ப போட்டுக் காட்டு.”

செல்வராணி ஊசியை எடுத்தாள். “போடுறேன் சார். போட்டதும் சாப்பிடலேன்னா இங்கேயே மயங்கி விழுந்துருவேன். என் சோத்தைக் கொட்டிட்டீங்க. உங்க டிபன் பாக்ஸைத் திறந்து வைங்க.”

வரிசையே சிரித்தது. முகம் செத்துப்போன அதிகாரி குப்பியை நீட்டி, “போ, போ” என்றார்.

அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மருந்து பைக்குள் வந்துவிட்டது. இனி இரண்டு வருஷத்துக்குக் கிடைக்காத மகள் கைச்சோறு தொட்டியிலேயே கிடந்தது.