உப்பள வெயிலும் கறுப்புக் கண்ணாடியும்

காலை நீட்டிப் படு. "ம்" கொட்டுனாத்தான் கதை. இல்லேன்னா நான் பாட்டுக்கு உறங்கிருவேன், ஆமா.

கடலோரமா ஒரு ஊர்ல மாரிக்கனின்னு ஒரு பொண்ணு இருந்தா. பத்தாப்பு படிச்சா. அவ அம்மை பேச்சித்தாய்க்கு உப்பளத்துல உப்பு வாருற வேலை. வீட்டுல ரெண்டே பேருதான். மாரிக்கனி நல்ல லட்சணமான பிள்ளை, ஆனா கண்ணு மட்டும் சின்னக் கண்ணு, இமை கொஞ்சம் சரிஞ்சிருக்கும். வகுப்புல எவளோ ஒருத்தி "ஏ அரைக்கண்ணி"ன்னு கூப்பிட்டுட்டா. கெக்கெக்கேன்னு ஒரே சிரிப்பு. அன்னைலேர்ந்து அதுவே பேராப் போச்சு.

ம் எங்க? ம், சரி.

அப்போ பாத்து, பத்தாப்புப் பிள்ளைகளை வரிசையா நிக்க வச்சு போட்டோ எடுக்கப் போறோம்னு டீச்சர் சொல்லிட்டாங்க. மாரிக்கனிக்குச் சோறு இறங்கலை. இந்த மூஞ்சி காலத்துக்கும் அந்தப் போட்டோவுல இருக்குமேன்னு அழுதா.

அப்புறம் என்ன பண்ணுனா? பியூட்டி பார்லர் ஸ்டெல்லா அக்காட்ட போயி நின்னா. "இதுக்கா அழுவுத? ஓரத்துல மையை மேல பாத்து இழுத்து விடு, கண்ணு நீளமாத் தெரியும்"னு அக்கா வரைஞ்சு விட்டா. கண்ணாடியில பாத்தா ஜோராத்தான் இருந்துச்சு. ஆனா பள்ளிக்கூடத்துக்கு ஒரு மைல் நடக்கணுமே! வெயில்ல தெப்பமா வேர்த்து, மை கொழகொழன்னு கன்னத்துல இறங்கிருச்சு. "அரைக்கண்ணி பூச்சாண்டி ஆயிட்டா"ன்னு அதுக்கும் சிரிச்சாளுக.

அப்புறம், புண்ணுக்கு ஒட்டுற பிளாஸ்திரி இருக்குல்லா, அதை நூலு மாதிரி வெட்டி இமையைத் தூக்கி ஒட்டிக்கிட்டா. பிரேயர்ல நிக்கும்போது பட்டுன்னு பிச்சுக்கிட்டு வந்துச்சு. தோலும் கூட வந்துச்சு. இமை ரெண்டும் செக்கச்செவேர்னு வீங்கிப் போச்சு.

மூணாவதுதான் அந்தக் கூறுகெட்டவ பண்ணுனது. இந்த இடம் வந்தா எனக்கு வயிறு எரியும்.

பேச்சித்தாய்ட்ட ஒரு கறுப்புக் கண்ணாடி இருந்துச்சு. கண் முகாம்ல டாக்டர் கொடுத்தது. உப்பளத்துல எங்கிட்டுப் பாத்தாலும் வெள்ளை. வெயில் அடிச்சா பளீர் பளீர்னு கண்ணுல குத்தும். காத்துல உப்புத்தூளு வேற பறக்கும். அந்தக் கண்ணாடி இல்லாம அவ அளத்துல இறங்கவே மாட்டா.

"எம்மா, எனக்கு மெட்ராஸ் ஐ. கண்ணு கூசுது, உன் கண்ணாடியைத் தா."

வீங்குன இமையைப் பாத்து அம்மை பதறிட்டா. "அய்யோ என் தங்கம், இந்தா போட்டுக்கோ."

"உனக்கு?"

"நான் முந்தானையை இழுத்து மூடிக்கிடுதேன். நீ கண்ணைப் பாரு."

டீச்சர்ட்டயும் அதே பொய்தான். மெட்ராஸ் ஐ வந்து ஆறிருச்சு, வெளிச்சம்தான் கூசுதுன்னுட்டா. ஒரு பயபுள்ள அரைக்கண்ணின்னு சொல்லலை! மாரிக்கனிக்கு ஒரே குஷி. ரெண்டு நாள்ல வீக்கம் வத்திருச்சு. கொடுத்திருக்கலாம்லா? கொடுக்கலையே! அம்மை சாயங்காலம் கண்ணைக் கசக்கிக்கிட்டு வருவா. "தூசி விழுந்துட்டு"ம்பா. இவ கண்டுக்கிடலை. போட்டோ முடியட்டும்னு பத்து நாள் இழுத்தடிச்சா. பங்குனி வெயிலு.

போட்டோ எடுத்தாச்சு. கண்ணாடியோட ஜம்முன்னு நின்னா. வீட்டுக்கு வந்தா, அம்மை அடுப்பு முன்னால உக்காந்து தீப்பெட்டியைத் தடவித் தடவித் தேடுதா. பெட்டி அவ முழங்காலு பக்கத்துலதான் கெடந்துச்சு.

கூட்டிக்கிட்டு ஓடுனா ஆஸ்பத்திரிக்கு. உப்புத்தூளு அறுத்து, வெயிலு சுட்டு, கருவிழி புண்ணாயிட்டுன்னாரு டாக்டர். "கண்ணாடி கொடுத்தோமே, போடலையா?"ன்னு கேட்டாரு. பேச்சித்தாய் மக கையைத் தடவிப் பிடிச்சுக்கிட்டா. புண்ணு ஆறுச்சு, ஆனா ரெண்டு கண்ணுலயும் வெள்ளை விழுந்துருச்சு. பாக்குறதெல்லாம் புகைமூட்டம்தான். கண்ணாடியைக் கொண்டு வந்து கையில கொடுத்தா என்ன, கொடுக்காட்டி என்ன?

மெட்ராஸ் ஐன்னது பொய்யுன்னு மாரிக்கனி அம்மைட்ட சொல்லவே இல்லை. இன்னைக்குச் சொல்லிருவோம், நாளைக்குச் சொல்லிருவோம்னு தினமும் வாயைத் திறப்பா. அப்படியே மூடிக்கிடுவா.

ஒரு நாள் பேச்சித்தாய் அவளைக் கூப்பிட்டா.

"ஏட்டி, அந்தக் கூச்சம் உனக்குச் சரியாப் போச்சா? என்னால உன்னைக் கவனிக்கவே முடியலையே."

"சரியாப் போச்சும்மா."

"எங்க, காட்டு."

மாரிக்கனி முன்னால உக்காந்து, அந்தச் சின்னக் கண்ணு ரெண்டையும் முடிஞ்ச மட்டும் விரிச்சு வச்சா. கண்ணீரு பொலபொலன்னு கொட்டுது.

"தெரியலையே தாயி. இன்னும் கொஞ்சம் கிட்ட வா."

மூக்கோட மூக்கு இடிக்குற மட்டும் போனா.

"இன்னும் கிட்ட வா."

அம்புட்டுதான் கதை. ம் சொன்னது போதும், நீ உறங்கு.