முதல் மடக்கு

"சாமி, கேட்டவுடனே நெலத்தைக் குடுத்துருதேங்கான். அதுதான் எனக்கு இடிக்கு" என்றார் தங்கக்கண்.

செம்மணல் காட்டின் நடுவில் கிடந்த ஊருக்கு அவர் தலைவர். ஊர்க் கிணற்றில் வாளி சேற்றைத்தான் அள்ளிக்கொண்டிருந்தது. மணல்மேட்டுக்கு அப்பால், ஆடு மேய்க்கும் மாசானத்தின் நிலத்தில் வற்றாத ஊற்று ஒன்று இருந்தது. அந்த நிலத்தை ஊருக்கு வாங்கிவிட்டால் பிழைத்தார்கள். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"பதிலுக்கு என்ன கேட்டான்?" என்றார் குரு. தங்கக்கண்ணைவிட அவர் வயதில் சின்னவர்.

"ஊர் குடுக்கிறதைக் குடுக்கட்டும், ஆடு குடிக்க ஒரு தொட்டி விட்டாப் போதுமாம். இந்தக் காலத்துல எவன் சாமி இப்படிச் சொல்லுவான்? தண்ணியில என்னமோ இருக்கு. இல்லன்னா அவன் மனசுல இருக்கு."

தங்கக்கண் அப்படித்தான். தன் நிழல் கூடவே வந்தாலும், ஏன் வருகிறாய் என்று விசாரிக்கிற ஆள்.

"வாங்க அண்ணாச்சி, போய்ப் பாப்போம்."

குரு தன் சுரைக்குடுக்கையைத் தோளில் மாட்டிக்கொண்டார். அதில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

மாசானம் சிரித்த முகமாக எதிரே வந்தான். ஊற்றில் செம்பை முக்கி நீட்டினான். அந்தக் காட்டில் நிலம் கைமாறுவது இப்படித்தான். விற்கிறவன் கொடுக்கும் தண்ணீரை வாங்குகிறவன் முதலில் குடிக்க வேண்டும். குடித்தால் பேச்சு முடிந்தது, பத்திரமெல்லாம் அப்புறம். தங்கக்கண்ணுக்கும் இது தெரியாததல்ல.

அவர் செம்பை வாங்கினார். மோந்து பார்த்தார். வெயிலில் சாய்த்து அடியைப் பார்த்தார்.

"மொதல்ல நீ ஒரு மடக்கு குடி."

மாசானத்தின் முகம் சுண்டிப்போனது. செம்பை வாங்கி மணலில் கவிழ்த்தான்.

"நெலம் விக்கல அண்ணாச்சி. போயிட்டு வாங்க."

தங்கக்கண் விடுவிடுவென்று நடந்தார். குரு சற்றுப் பின்தங்கி வந்து சேர்ந்துகொண்டார்.

"பாத்தீங்களா சாமி! நான் சொன்னேம்லா? குடிக்கச் சொன்னதும் கொட்டிட்டான். களவாணிப்பய!"

குரு குடுக்கையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார்.

பாதி வழியில் தங்கக்கண்ணுக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண்ணை இருட்டியது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். ஊரே குடத்தோடு கிணற்றடியில் காத்திருக்குமே, போய் என்ன சொல்வது என்று நினைத்தபோது அழுகை வந்தது.

குரு குடுக்கையை நீட்டினார்.

தங்கக்கண் மோந்து பார்க்கவில்லை. மடமடவென்று குடித்தார். போன உயிர் திரும்பி வந்தது.

"நல்ல தண்ணி சாமி."

வாயைத் துடைத்துக்கொண்டு குடுக்கையைப் பார்த்தார்.

"வரும்போது இது காலியால்லா இருந்துச்சு?"

"ஆமா."

"பெறகு தண்ணி ஏது?"

"மாசானம்தான் நெறைச்சுக் குடுத்தான்" என்றார் குரு. "அண்ணாச்சிக்கு வழியில தாகம் எடுக்கும்னான்."